ஈரம் பதினாறு

பழைய சோனகத் தெருவில்
லொறி வந்து நின்றதும்
நான் முதலில் எடுப்பது பேனாவை அல்ல,
ஈரமானியை.

முரசுமோட்டைச் சங்கத்துச் சிவப்பரிசி.
சாக்கின் வயிற்றில் குத்தூசி இறக்கி
ஒரு கைப்பிடி இழுத்து
கிண்ணத்தில் கொட்டி மூடினால்
சின்னத் திரையில் ஓர் எண் துள்ளி நிற்கும்.
பதினான்கு என்றால் முழு விலை.
இன்று பதினாறு.

"கிலோவுக்கு மூன்று ரூபா வெட்டு"
என்கிறார் நஸ்மி முதலாளி.
நியாயம்தான்.
தண்ணீருக்கு அரிசி விலை கொடுக்க
யாருக்கு மனம் வரும்?

போனில் இராசமலர், சங்கத்துச் செயலாளர்.
முகம் தெரியாது. குரல் தெரியும்,
குரலுக்குப் பின்னால் எப்போதும் ஓடும்
ஒரு நீர்ப்பம்பியும் தெரியும்.
"எவ்வளவு காட்டுது பிள்ளை?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் பம்பி மட்டும் பேசியது.
"குளத்தில தண்ணி காணாதெண்டு
சிறுபோகத்துக்கு ஆளுக்குக் கால் ஏக்கர்தான் பங்கு.
அந்தக் காலுக்கும் ராவிராவா வாய்க்கால் காத்தனாங்கள்.
இப்ப நீங்கள் சொல்லுறியள்
தண்ணி கூடிப்போச்செண்டு."
சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டாஞ்சேனை அறையில்
கதவிடுக்கில் சொருகிக் கிடந்தது தண்ணீர் பில்.
பதினொரு யூனிட்.
பின்பக்கம் வெறும் தாள்.
கணக்கு எழுதும் கை சும்மா இருக்குமா?

ஒரு கிலோ அரிசி விளைய
இரண்டாயிரத்து ஐந்நூறு லீட்டர்
என்று எங்கோ வாசித்த ஞாபகம்.
வயலுக்கு வயல் மாறும், இருக்கட்டும்.
மாதம் ஐந்து கிலோ சமைக்கிறேன்.
பன்னிரண்டரை யூனிட்.
குளித்தது, குடித்தது, துவைத்தது,
மூடாமல் மறந்த குழாய்
எல்லாவற்றையும் விட
சோறு கூட.
அந்தப் பில்லை
எந்தச் சபையும் என் கதவில் சொருகவில்லை.
பருப்புக்கு வேறு கண்டத்து மழை.
பெரிய வெங்காயத்துக்கு
எவருடைய கிணறோ.
அங்கே நிறுத்திவிட்டேன். அடுப்பில்
உலை கொதித்து வழிந்தது.

மறுநாள் அந்தோனிமுத்துவிடம் சொன்னேன்,
ஐம்பது கிலோச் சாக்கு ஒன்றுக்கு
ஐயாயிரம் லீட்டர் பவுசர்
இருபத்தைந்து என்று.
முதுகில் சாக்கோடு
சந்தில் குனிந்து நின்றவன்
தலையை மட்டும் திருப்பினான்.
"அப்ப நாட்டாமைக் கூலியக்
கூட்டச் சொல்லுங்க அக்கா."

ஐப்பசியில் களனி ஏறியது.
கொலன்னாவையில் வள்ளம் ஓடுதாம் என்றார்கள்.
எங்கள் கடைவாசலில் முழங்கால் அளவு.
கீழ் அடுக்குச் சாக்குகள்
குடித்தன, குடித்தன,
தையல் பிரியும்வரை குடித்தன.
ஏனென்று தெரியாது,
ஈரமானியை வைத்துப் பார்த்தேன்.
எண் வரவில்லை. இரண்டு கோடு.

"டீவில பாத்தன் பிள்ளை," என்றாள் இராசமலர்.
"இஞ்ச குளத்தில இன்னும் தரை தெரியுது.
உங்கட பக்கத்தில கொஞ்சம்
அனுப்பி விடுங்கோவன்."

அனுப்பினோம்.
திரும்பும் லொறியை வெறுமையாக விடுவதில்லை.
காலிச் சாக்குக் கட்டு நாற்பது.
அதற்கு மேல், கிளிநொச்சிக் கடைகளுக்கு,
போத்தல் தண்ணீர்ப் பெட்டி இருநூறு.
இந்தக் கடைப் பேரேட்டில்
தண்ணீர் என்று நான் எழுதியது
அன்றுதான்,
விலையோடு.

கயிறு இறுக்கும்போது ஒரு பெட்டி நசுங்கி
சொட்டத் தொடங்கியது.
"இது ஆற்ற கணக்கு?"
என்று கேட்டான் சாரதி செல்வகுலம்.
அரைப் போத்தல் இருக்கும்.
உடனே கழித்து எழுதினேன்.